வாய் தவறினால் வைரல்... வாக்கு தவறினால்? - காட்டூரிலிருந்து ஒரு தேர்தல் கணக்கு!

தேர்தல் நேரத்தில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். தலைவர் நாற்பது நிமிடம் பேசுவார். நாங்கள் கேட்பது என்னவோ அந்த நாற்பது நிமிடத்தையும்தான். ஆனால், காது காத்திருப்பது ஒரே ஒரு நொடிக்கு. பெயர் மாறும் நொடி, சின்னம் மாறும் நொடி, சொல்லக் கூடாததைச் சொல்லிவிடும் நொடி. அதை வெட்டி எடுத்து, தலைப்பு போட்டு ஏற்றினால் அரை மணி நேரத்தில் ஊரெல்லாம் சுற்றும்.

அந்த கிளிப் காட்டூருக்கும் வந்துசேர்கிறது. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிப் பக்கம் இருக்கிற ஊர் இது. டீக்கடை பெஞ்சில் ஒரு போன் கை மாறுகிறது. சிரிப்பு. அடுத்த வீடியோ. அதிலும் ஒரு சிரிப்பு. பிறகு பேச்சு ஏரிக்குத் திரும்புகிறது. முகத்துவாரம் எப்படி இருக்கிறது, இறால் வரத்து உண்டா, துறைமுக விவகாரம் எதில் நிற்கிறது?

இங்கே யாரிடம் கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். வீடியோவைப் பார்த்தோம், சிரித்தோம், தள்ளிவிட்டோம். ஓட்டை அதற்காக மாற்றிப் போட்டீர்களா என்று கேட்டால், 'இது என்ன கேள்வி' என்பது போல ஒரு பார்வை.

அப்படியென்றால் கடைசி நேரத்தில் தலைவர்கள் உளறுவதற்கும் தேர்தல் முடிவுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. ஆனால், நாங்கள் வெட்டிப்போடும் கிளிப்புகள் சொல்கிற மாதிரி இல்லை.

ஒரு சொல்... 9,329 ஓட்டு!

உளறலால் தேர்தல் தோற்றார்கள் என்றதும் உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் ஒன்று உண்டு. அதில் நம்மூர் சம்பந்தமும் கொஞ்சம் இருக்கிறது.

2006-ம் ஆண்டு. அமெரிக்காவின் விர்ஜினியா மாநிலத்தில் செனட் தேர்தல். செனட் என்பது நம் ராஜ்ய சபா போல ஒரு மேலவை. ஆனால், அங்கே மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் ஆலன், ஏற்கெனவே அந்தப் பதவியில் இருந்தவர். கருத்துக்கணிப்புகளில் வசதியாக முன்னால் இருந்தார். அடுத்த அதிபர் தேர்தலுக்கே அவர் பெயர் அடிபட்டது. எதிரே ஜனநாயகக் கட்சியின் ஜிம் வெப்.

வெப் தரப்பு, ஆலன் போகும் கூட்டங்களுக்கெல்லாம் கேமராவோடு ஓர் இளைஞரை அனுப்பிவைத்தது. எஸ்.ஆர்.சித்தார்த் என்ற 20 வயது கல்லூரி மாணவர். இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, பிறந்து வளர்ந்தது விர்ஜினியாவிலேயே. ஆகஸ்ட் 11 அன்று ஒரு கூட்டத்தில் ஆலன் அவரை விரல் நீட்டிக் காட்டி, 'மக்காக்கா' என்று அழைத்தார். ஒருவகைக் குரங்கின் பெயரை ஒட்டிய சொல் அது. காலனி காலத்தில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட சொல்லும்கூட. அதோடு விடாமல், அமெரிக்காவுக்கு நல்வரவு என்றும் கிண்டலடித்தார். அங்கேயே பிறந்த பையனைப் பார்த்து!

சித்தார்த்தின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யூடியூப் தொடங்கி ஓராண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது. வீடியோ பரவியது. ஆலன் முதலில் சமாளித்தார், பிறகு மன்னிப்பு கேட்டார். முன்னிலை கரைந்துகொண்டே வந்தது. நவம்பர் 7 அன்று வாக்குப்பதிவு. 23 லட்சத்துக்கும் அதிகமானோர் ஓட்டுப் போட்ட தேர்தலில் 9,329 ஓட்டில் ஆலன் தோற்றார். அந்த ஓரிடத்தோடு செனட் சபையே ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது.

சினிமா போலத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த ஆண்டு இராக் போரின் மீது அமெரிக்கர்களுக்குக் கடும் கோபம். ஆலனின் கட்சி நாடு முழுக்கவே இடங்களை இழந்தது. அந்த ஒரு சொல் மட்டுமே அவரைத் தோற்கடிக்கவில்லை. ஏற்கெனவே ஈரமாயிருந்த சுவரில் அது கடைசியாக விழுந்த அடி. சுவர் காய்ந்திருந்தால் சுண்ணாம்பு மட்டும்தான் உதிர்ந்திருக்கும்.

2021: கடைசிப் பத்து நாள்கள்

இப்போது நம்மூருக்கு வருவோம். 2021 சட்டமன்றத் தேர்தல். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. அதற்குச் சரியாகப் பதினொரு நாள் முன்பு, மார்ச் 26 வாக்கில், சென்னை ஆயிரம் விளக்குத் தொகுதிப் பிரசாரத்தில் தி.மு.க-வின் ஆ.ராசா பேசினார். மு.க.ஸ்டாலினின் அரசியல் வளர்ச்சியையும் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் வளர்ச்சியையும் ஒப்பிட, அவர் பிறப்பைப் பற்றிய ஓர் உவமையைக் கையிலெடுத்தார். அது முதல்வரின் தாயையே இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு வெடித்தது. கண்ணியமாகப் பேச வேண்டும் என்று ஸ்டாலினே கட்சியினருக்கு அறிவுறுத்தவேண்டி வந்தது.

மார்ச் 28. பழனிசாமி பிரசாரம் செய்த இடம் திருவொற்றியூர். பொன்னேரியில் ரயில் ஏறினால் மீஞ்சூர், எண்ணூர் தாண்டி வருகிற அதே திருவொற்றியூர். அங்கே, கிராமத்தில் பிறந்து மறைந்துபோன தன் தாயைப் பற்றிச் சொல்லும்போது முதல்வர் குரல் உடைந்து கண் கலங்கினார். மறுநாள் ஆ.ராசா மன்னிப்பு கேட்டார். தேர்தல் ஆணையம் அவரை நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்து நீக்கி, 48 மணி நேரம் பிரசாரம் செய்யவும் தடை விதித்தது.

'ஆட்டம் மாறிவிட்டது' என்று அன்று பலர் எழுதினார்கள். முடிவு என்ன ஆனது?

ராசா அப்படிப் பேசிய ஆயிரம் விளக்குத் தொகுதியில் தி.மு.க. 30,000-க்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. முதல்வர் கண்கலங்கிய திருவொற்றியூரிலும் தி.மு.க-தான், அதுவும் 30,000-க்கு மேல். மாநிலம் முழுக்க அந்தக் கூட்டணிக்கு 159 இடங்கள்.

அதேநேரம் கொங்குப் பக்கம் படம் வேறு. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10, கோவை மாவட்டத்தின் பத்துக்குப் பத்து அ.தி.மு.க. கூட்டணிக்கு. எடப்பாடியில் பழனிசாமி ஜெயித்தது 93,802 ஓட்டில். இதற்கு அந்தப் பேச்சுதான் காரணமா? அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. கொங்கு மண்டலம் அதற்கு முன்பிருந்தே அ.தி.மு.க-வுக்குத் தெம்பான பகுதி. மிஞ்சிப்போனால் ஒன்று சொல்லலாம். அவதூறுப் பேச்சு, எதிர்முகாமில் இருப்பவரை இந்தப் பக்கம் இழுத்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவரை வீட்டைவிட்டுக் கிளப்பி வாக்குச்சாவடிக்கு அனுப்ப அது உதவலாம்.

1,728 ஓட்டில் என்னவெல்லாம் அடங்கும்?

வித்தியாசம் பல்லாயிரத்தில் இருக்கும்போது ஒரு சொல் பெரிதாக எதையும் அசைப்பதில்லை. சில நூறில் இருக்கும்போது? அங்கேதான் சிக்கல்.

அதே 2021-ல் கோவை தெற்கு. பா.ஜ.க-வின் வானதி சீனிவாசன், மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன், காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் என மும்முனைப் போட்டி. பிரசாரத்தின் கடைசிக் கட்டத்தில் பொது விவாதத்துக்கு வரத் தயாரா என்ற சவால் எழுந்தது. கமல் தரப்பு பதிலில் 'துக்கடா' என்ற சொல் வந்து விழுந்தது. பெண் வேட்பாளரை இப்படிச் சொல்லலாமா என்று வானதி தரப்பு கொதித்தது. பதிலுக்கு வானதி, கமல் செய்வது 'உதட்டுச் சேவை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்ல, அதற்கு இரட்டை அர்த்தம் கற்பித்து இன்னொரு ரவுண்டு சண்டை. இரண்டு பக்கமும் சறுக்கல்!

வாக்கு எண்ணிக்கை நாளில் நெடுநேரம் கமல் முன்னிலை. மாலைக்கு மேல் நிலைமை மாறியது. கடைசியில் 1,728 ஓட்டு வித்தியாசத்தில் வானதி ஜெயித்தார்.

'துக்கடா'தான் கமலைத் தோற்கடித்தது என்று ஒருவர் சொல்லலாம். மூன்றாவதாக வந்தவருக்கு 40,000-க்கும் அதிகமான ஓட்டு கிடைத்ததுதான் காரணம் என்று இன்னொருவர் சொல்லலாம். 1,728 என்பது சில வாக்குச்சாவடிகளின் ஓட்டு. அந்த அளவு வித்தியாசத்துக்கு நூறு காரணம் சொல்லலாம். நூறும் பொருந்தும், எதையும் நிரூபிக்க முடியாது.

அதே தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137. அதற்கு முந்தைய 2016 தேர்தலில் ராதாபுரத்தில் வெறும் 49! தபால் ஓட்டுகள் தொடர்பாக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 49 பேர் என்றால், ஒரு கல்யாண வேனும் ஒரு மினி பஸ்ஸும் நிறையும் கூட்டம். 'என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது' என்பவர்களிடம் சொல்லவேண்டிய கணக்கு இது.

நாக்குப் பிசகா, மனசில் இருந்ததா?

எல்லா உளறலும் ஒரே ஜாதி இல்லை. மக்கள் அதை நன்றாகவே பிரித்துப் பார்க்கிறார்கள்.

2019 நாடாளுமன்றத் தேர்தல். திண்டுக்கல்லில் அ.தி.மு.க. கூட்டணி சார்பில் பா.ம.க. வேட்பாளர். சின்னம் மாம்பழம். அன்றைய அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் ஓட்டுக் கேட்கும்போது 'ஆப்பிள்' என்று சொல்லி, பிறகு திருத்திக்கொண்டார். வீடியோ வைரல். அங்கே தி.மு.க. ஜெயித்தது 5 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில். அந்தத் தோல்விக்கு ஆப்பிள் காரணம் என்று யாரும் சொல்லவில்லை! அது நாக்குப் பிசகு. நம் வீட்டில் ஒரு பிள்ளையைக் கூப்பிட மூன்று பிள்ளைகளின் பெயரையும் சொல்லிப் பார்க்கும் அம்மா செய்வதுதான். சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

இன்னொரு வகை உண்டு. அது வாயிலிருந்து தவறி விழுந்ததாகத் தெரியாது, மனதிலிருந்து வெளியே வந்ததாகத் தெரியும். தமிழ்நாட்டில் அதற்குத் தாத்தா காலத்து உதாரணம், 1967. 'படுத்துக்கொண்டே ஜெயிப்போம்' என்று காமராஜர் சொன்னதாக இன்றைக்கும் பேசப்படுகிறது. எளிமைக்குப் பெயர்போன தலைவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தவர். ஆனால், அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபம் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. அப்படியொரு சூழலில் அந்தச் சொல், ஆளுங்கட்சிக்கு மக்களின் நிலைமை தெரியவில்லை என்பதற்குச் சாட்சி போல ஆனது. விருதுநகரில் காமராஜரை மாணவர் தலைவர் பெ.சீனிவாசன் 1,285 ஓட்டில் தோற்கடித்தார். தி.மு.க. 137 இடங்களில் ஜெயித்து ஆட்சிக்கு வந்தது. காங்கிரஸ் அதன்பிறகு தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வரவே இல்லை.

ஆலனுக்கும் காமராஜருக்கும் ஒரே தராசு கிடையாது. ஒருவர் சொன்னது இழிசொல். இன்னொருவர் சொன்னதாகப் பேசப்படுவது அதிகப்படியான நம்பிக்கை. ஆனால், இரண்டும் வேலை செய்த விதம் ஒன்றுதான். மக்கள் மனதில் ஏற்கெனவே இருந்த சந்தேகத்துக்கு அந்தச் சொல் ஒரு பெயர் வைத்துக் கொடுத்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு எத்தனை சோறு பதம்?

உளறலுக்கு அடுத்ததாக, கடைசி நேரத்தில் அதிகம் பரவுவது கருத்துக்கணிப்பு. 'இரண்டு சதவிகிதம் முன்னிலை', 'அலை திரும்பியது' என்று தினமும் ஒரு கார்டு வரும். அதை எப்படிப் படிப்பது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கருத்துக்கணிப்பின் அடிப்படையே இதுதான். ஆனால், பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால்தான் ஒரு சோறு பதம் சொல்லும். பழவேற்காடு ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குவளை மொண்டு பார்த்தால் கடல் உப்பு. ஆறு வந்து சேரும் பக்கம் மழைக்காலத்தில் மொண்டால் உப்பே தெரியாது. எந்தக் குவளை ஏரியைச் சொல்லும்? பல இடத்தில் மொண்டால்தான் தெரியும்.

கணக்காகவே பார்ப்போம். ஆயிரம் பேரைச் சரியான முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டாலும், வருகிற எண் சுமார் 3 சதவிகிதம் மேலேயோ கீழேயோ போகலாம். ஒரு கட்சிக்கு 41, இன்னொரு கட்சிக்கு 39 என்று வந்தால் அது முன்னிலை அல்ல, 'தெரியவில்லை' என்றுதான் அர்த்தம். அடுத்த வாரம் அதுவே 39, 41 என்று வந்தால் அலை திரும்பிவிட்டதாகக் கூவுவோம். உண்மையில் யாரும் மனம் மாறாமலேயே அப்படி வரலாம், கேட்கப்பட்ட ஆயிரம் பேர் வேறு என்பதால்.

அடுத்த சிக்கல், ஓட்டு சதவிகிதத்தை இடங்களாக மாற்றுவது. 2016-ல் அ.தி.மு.க-வுக்கும் தி.மு.க. கூட்டணிக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுமார் ஒரு சதவிகிதம்தான். ஆனால், மே 16-ல் தேர்தல் நடந்த 232 இடங்களில் அ.தி.மு.க-வுக்குக் கிடைத்தது 134. பல எக்ஸிட் போல்கள் தி.மு.க. ஆட்சி என்று சொல்லியிருந்தன. அத்தனை நெருக்கமான தேர்தலில் ஒரு சதவிகிதம் நகர்ந்தால் ஆட்சியே நகரும். எந்தக் கணிப்புக்கும் அந்த ஒரு சதவிகிதத்தைப் பிடிக்கும் அளவுக்குக் கூர்மை கிடையாது.

இதனால்தான் சட்டமும் எச்சரிக்கையாக இருக்கிறது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பை மின்னணு ஊடகங்களில் வெளியிடக் கூடாது. எல்லாக் கட்ட வாக்குப்பதிவும் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போலும் கூடாது. ஆனால், 'கடைசி நிமிட ரகசிய சர்வே' என்று வாட்ஸ்அப்பில் பெயர் இல்லாமல் வரும் கார்டுகளுக்கு எந்தக் கடிகாரமும் இல்லை. எத்தனை பேரிடம், எந்தத் தேதியில், எங்கே கேட்டார்கள் என்று மூன்றும் இல்லாத கணிப்பு, கணிப்பே இல்லை.

கடைசியில் மாறுவது யார்?

கட்சிக்காரர்கள் மாறுவதில்லை. மாறுவது மூன்று வகையினர். முதல் வகை, கடைசி வாரம்வரை முடிவெடுக்காதவர்கள். இரண்டாவது, தனக்குப் பிடித்தவர் ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்து, பிடிக்காதவரைத் தோற்கடிக்க இன்னொருவருக்குப் போடுபவர்கள். மூன்றாவது, போடுவோமா வேண்டாமா என்று வீட்டிலேயே இருப்பவர்கள். நெருக்கமான தொகுதியில் இந்த மூன்று வகையினரும்தான் தீர்ப்பெழுதுகிறார்கள்.

அவர்களை நகர்த்துவது பெரும்பாலும் பெரிய விஷயங்கள். 1996-ல் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது அ.தி.மு.க-வோடு காங்கிரஸ் கூட்டணி வைக்க, அதை எதிர்த்து மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். ரஜினிகாந்தின் குரலும் அந்தப் பக்கம் சேர்ந்தது. அலை அடித்தது. முதல்வராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் 8,366 ஓட்டில் தோற்றார். அதுதான் உண்மையான கடைசி நேர மாற்றம்.

கடைசி நேரத்தில் பணமும் நகர்த்தப் பார்க்கிறது. 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் பணப்பட்டுவாடா புகாரில் வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு ரத்தானது நமக்கு நினைவிருக்கும்.

இன்னொன்று, கடைசி நேர வாக்குறுதி. 2021-ல் மார்ச் 7 அன்று, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஸ்டாலின் அறிவித்தார். மறுநாளே 1,500 ரூபாயும் ஆண்டுக்கு ஆறு சிலிண்டரும் என்று பழனிசாமி அறிவித்தார். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏலம் ஏறியது!

காட்டூர் வைத்திருக்கும் கணக்கு

இந்தக் கடைசி விஷயத்தில்தான் டீக்கடை பெஞ்சின் கவனம் இருக்கிறது.

காட்டூர் வரும் பொன்னேரி தொகுதி, 2016-ல் அ.தி.மு.க-வின் பலராமனைத் தேர்ந்தெடுத்தது. 2021-ல் அதே பலராமனை ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்கடித்து காங்கிரஸின் துரை சந்திரசேகர் வந்தார். தொகுதி 'கை' மாறியது. இந்தப் பக்கத்து மீனவ கிராமங்களில் அந்தத் தேர்தலின் பெரிய பேச்சு எந்தத் தலைவரின் உளறலும் இல்லை. காட்டுப்பள்ளி துறைமுகம்.

எல் அண்ட் டி கட்டிய அந்தத் துறைமுகத்தை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. பிறகு 330 ஏக்கர் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கும் அதிகமாக விரிவாக்க 53,031 கோடி ரூபாயில் திட்டம் போடப்பட்டது. வேலைவாய்ப்பு வரும், வர்த்தகம் பெருகும் என்பது ஆதரவாளர்கள் வாதம். மீனவர்களின் பயம் வேறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே குறுகலான மணல் நிலம். கரை அரித்துக்கொண்டே போய் அந்த மணல் மேடு உடைந்தால் கடலும் கழியும் ஒன்றாகிவிடும், ஊரும் தொழிலும் போய்விடும் என்கிறார்கள். கடலில் வலை போடுபவர்கள் மட்டுமல்ல, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும் இருளர் மக்களும் இதே தண்ணீரை நம்பித்தான் இருக்கிறார்கள்.

2021 ஜனவரி 22 அன்று நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தேர்தல் வந்தது. விரிவாக்கத்தை விடமாட்டோம் என்று தி.மு.க. தரப்பு பிரசாரத்தில் சொன்னது. ஆட்சியும் மாறியது. 2023 செப்டம்பர் 5 அன்று அதே திட்டத்துக்கு மறுபடியும் கருத்துக்கேட்பு என்று அறிவிப்பு வந்தது! எதிர்ப்பு கிளம்ப, அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைப்பது வேறு, கைவிடுவது வேறு. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

முகத்துவாரக் கதையும் அப்படித்தான். ஏரியும் கடலும் சேரும் வாய் மணல் சேர்ந்து தூர்ந்துவிட்டால் படகு கடலுக்குப் போக முடியாது, மீனும் இறாலும் ஏரிக்குள் வர முடியாது. அதை நிரந்தரமாகத் திறந்து வைக்க வழி செய்யுங்கள் என்பது ஒரு தேர்தலின் கோரிக்கை அல்ல, பல தேர்தல்களின் கோரிக்கை.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த முறைக்கு, யார் வலை போடுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இதில் இடம் இல்லாதவர்களுக்கு மனக்குறை உண்டு, சச்சரவும் உண்டு. ஆனால், பாடு விழுந்த பிறகு சொன்ன சொல் சொன்னதுதான். நல்ல இடம் விழவில்லை என்பதற்காக அடுத்தவர் இடத்தில் போய் வலை போட முடியாது. சொல்லுக்கு அப்படியொரு மதிப்பு கொடுத்துப் பழகிய ஏரிக்கரையில், தேர்தல் மாதத்தில் சொன்னது அடுத்த மாதம் காணாமல்போனால் கோபம் வரத்தானே செய்யும்?

சொன்ன எல்லாமே காற்றில் போய்விடுகிறது என்றும் சொல்ல முடியாது. அந்த 1,000 ரூபாய், தேர்தல் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகி, 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகையாக வந்தது. தகுதி வரம்புகளோடு வந்தது, தாமதமாக வந்தது. ஆனாலும் வந்தது. 1967-ல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்ன அண்ணா, ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கொடுத்தார். மூன்று எங்கே, ஒன்று எங்கே என்று அப்போதே கேட்டார்கள். கேட்பதுதான் சரி. கேட்டதால்தான் அந்த ஒன்றாவது வந்தது.

வாக்கு என்றால் இரண்டு

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. தலைவர் கொடுப்பதும் வாக்கு. நாம் போடுவதும் வாக்கு. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்குகிறார்கள்.

வாய் தவறியதைப் படம் பிடிக்க ஆயிரம் கேமராக்கள் இருக்கின்றன. ஆப்பிள் என்று சொன்னது அரை மணி நேரத்தில் ஊரெல்லாம் பரவிவிடும். வாக்கு தவறியதைப் படம் பிடிப்பது கஷ்டம். அது ஒரு நொடியில் நடப்பதில்லை. ஐந்து வருடமாக, சத்தமே இல்லாமல் நடக்கிறது. அதை வெட்டி முப்பது நொடி கிளிப்பாகப் போட எங்கள் டெஸ்க்கிலும் வழி இல்லை. அதனால்தான் அது வைரலாவதில்லை.

அடுத்த முறை உங்கள் போனுக்கு ஒரு கிளிப் வரும்போது மூன்று கேள்விகள் கேட்டுப்பாருங்கள். முன்னும் பின்னும் என்ன பேசினார், முழு வீடியோ எங்கே? இது நாக்குப் பிசகா, இல்லை மனதில் இருந்தது வெளியே வந்ததா? மூன்றாவதுதான் முக்கியம். இதே தலைவர் போன தேர்தலில் என் ஊருக்கு என்ன சொன்னார், அது என்ன ஆனது?

முதல் இரண்டுக்கும் கூகுளில் பதில் கிடைக்கும். மூன்றாவதுக்கு உங்கள் ஊரில்தான் கிடைக்கும்.

காட்டூர் டீக்கடையில் போன் மறுபடி சட்டைப் பைக்குள் போய்விட்டது. விடியற்காலையில் தொழிலுக்குப் போகவேண்டியவர்கள் எழுந்துகொள்கிறார்கள். மைக்கில் யார் என்ன உளறினார் என்பது நாளைக்குள் இவர்களுக்கு மறந்துபோகும். முகத்துவாரத்தைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும் யார் என்ன சொன்னார் என்பது மறக்காது.